நேர்ந்துவிட்ட வான்கோழி

எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு வான்கோழிக்கு வாசித்துக் காட்டும் பழக்கம் எனக்குச் சில மாதங்கள் இருந்தது. இதை வெளியே சொல்ல வெட்கம்தான். அதன் அபிப்பிராயத்தை நான் மதித்தேன் என்பது அதைவிட வெட்கம். குரலை உயர்த்தி வாசிக்கும் இடங்களில் அது கழுத்தை நீட்டிக் கொளகொளவென்று முழங்கும். அந்த வரிகளை நான் வெட்டாமல் வைத்துக்கொள்வேன். பெரிய சத்தம் எதுவானாலும் வான்கோழி அப்படித்தான் முழங்கும், மீன்காரரின் ஹோர்னுக்கும் அதே மரியாதைதான் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் என் வாசகர்களில் வேறு யாரும் அந்த அளவுக்குக்கூட முழங்கியதில்லை.

வான்கோழி என் வீட்டுக்கு வந்தது தின்பதற்கு. குருநகரில் படகு வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் ஒருநாள் கோப்பாயில் என் வீட்டுக்கு வந்து, சப்பாத்துப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தான். உள்ளே இரண்டு குஞ்சுகள்.

"மச்சான், என்ரை வீட்டிலை கால் வைக்க மண் இல்லை. உனக்கு வளவு கிடக்கு. வளர். நத்தாருக்கு ஒண்டு எனக்கு, ஒண்டு உனக்கு."

கிறிஸ்மஸ் விருந்துக்குத்தானே என்று நான் ஓம் என்றேன். இறைச்சி விஷயத்தில் எனக்குக் கொள்கை ஏதும் இல்லை. வெள்ளிக்கிழமைச் சைவம் மட்டும்தான், அதுவும் மனைவியின் கொள்கை.

வான்கோழிக் குஞ்சைப்போலச் சாவதற்கு ஆர்வமுள்ள பிராணியை நான் கண்டதில்லை. நனைந்தால் சாகும், குளிர்ந்தால் சாகும், தண்ணீர்ச் சிரட்டையைப் பார்த்துக்கொண்டே தாகத்தில் சாகப் பார்க்கும். நான் அவித்த முட்டையை மசித்து, வெங்காயத் தாள் அரிந்து போட்டு, விரலால் தொட்டுக் காட்டித் தின்னப் பழக்கினேன். மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"பெத்த பிள்ளைக்கு ஒருநாள் சோறு தீத்தினீங்களே?"

சித்திரையில் பெய்த திடீர் மழையில் ஒன்று செத்துப்போனது. செத்தது அவனுடையதா என்னுடையதா என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரியும், செத்தது அவனுடையது.

மிஞ்சியது சேவல். ஆவணிக்குள் அது மரவள்ளிப் பாத்தி முதல் படலை வரை வளவின் சொந்தக்காரனாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு நான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினால் வாலை விரித்து, செட்டையை நிலத்தில் உரசிக்கொண்டு, தலையை ஒருமுறை நீலமாகவும் ஒருமுறை சிவப்பாகவும் மாற்றிக் காட்டும். இருபது வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இப்படியொரு வரவேற்பு கிடைத்தால் அவன் புத்தி தடுமாறத்தானே செய்யும்? கதிரையில் இருந்தால் காலடியில் வந்து படுக்கும். கழுத்தைத் தடவினால் கண்ணை மூடும். தமிழ் படிப்பிக்கிறவனுக்கு முன்னால் கண்ணை மூடும் பிராணிகள் எனக்குப் புதிதல்ல. இது ஒன்றுதான் அன்பினால் மூடியது.

ஊருக்கு இந்த அன்பு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தலை ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஒருநாள் அப்படி ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. "கனடாவில் வசிப்பவரின் பாசமிகு தந்தையும்" என்றதும் வளவுக்குள்ளிருந்து கொளகொள. "சுவிஸில் வசிப்பவரின் அன்பு மாமனாரும்" என்றதும் மறுபடி கொளகொள. ஒரு நாட்டையும் அது விட்டுவைக்கவில்லை. ஓட்டோக்காரர் படலையடியில் நிறுத்தினார்.

"மாஸ்டர், உதை ஒருக்கா அடக்குங்கோ. நான்தான் சிரிக்கிறன் எண்டு செத்தவீட்டுக்காரர் நினைக்கப்போகினம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். மனதுக்குள், முழங்கிய இடங்கள் சரியானவைதான் என்று பட்டது.

மார்கழி பிறந்தது. பக்கத்துத் தேவாலயத்தில் நத்தார்ப் பாட்டுப் பழகத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வளவிலிருந்து பதில் போனது. தன்னை எதற்காக வளர்த்தார்களோ அதற்கே அது கோரஸ் பாடிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. தோழனிடம் நேரே போய், "மச்சான், இதை விட்டுவிடு" என்று கேட்டிருக்கலாம். நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை, ஒரு கோழிக்காகக் கண் கலங்குவதாவது என்று கௌரவம் பார்த்தேன்.

நத்தாருக்கு முந்தின வாரம், தோழன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். கையில் வெறும் உரப்பை.

அந்தப் பையைக் கண்டதும் என் வாய் தானாகத் திறந்தது. "மச்சான், குறை நினையாதை. அதை முருகனுக்கு நேந்துவிட்டிட்டன்."

எங்கள் ஊரில் முருகன் கோயிலுக்குச் சேவல் நேர்ந்துவிடுவார்கள். நேர்ந்ததை விற்கவோ வெட்டவோ ஒருத்தரும் துணியமாட்டார்கள். தோழன் என்னைப் பார்த்தான், வான்கோழியைப் பார்த்தான், பையைப் பார்த்தான். அந்தோனியாருக்கு நேர்ந்த மெழுகுதிரியை ஒருதரம்கூடத் தவறவிடாத குடும்பம் அவனுடையது.

"நேத்தி எண்டால் கதையில்லை" என்று சிலுவை போட்டுக்கொண்டான். பையை மடித்துக் கமக்கட்டில் வைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். நான் வெற்றிக் களிப்போடு திரும்பினேன். குசினி வாசலில் மனைவி.

"இஞ்சேருங்கோ, எப்ப நேந்தனீங்கள்?"

"சும்மா ஒரு கதைக்குச் சொன்னது."

"சும்மா சொல்ல உங்களுக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையே? மோளின்ரை விசா இன்னும் வரேல்லை. உந்த நேரத்திலை முருகனோடை சேட்டை விடுறியளே?"

நான் இளமையில் நாத்திகன். கலியாணத்துக்குப் பிறகு ஆள் பார்த்து நாத்திகன். வாயால் சொன்னதெல்லாம் நேர்த்தி ஆகாது, மனதில் சங்கற்பம் வேண்டும் என்று விளக்கினேன்.

"உந்த விளக்கத்தை விசாக் குடுக்கிறவனுக்கு ஆர் சொல்லுறது? பொங்கலுக்கு முன்னம் கொண்டுபோய் விடுங்கோ."

பொங்கலுக்கு முன்னம் கொண்டுபோனேன். ஸ்கூட்டரில், சாக்கிலிருந்து கழுத்து மட்டும் வெளியே தெரிய, வழியெல்லாம் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முழங்கிக்கொண்டு வந்தது. கோயில் தலைவர் முன்மண்டபத்தில் இருந்தார். வெளிநாட்டுக் காசில் புதுப்பித்த கோயில். மின்விசிறியின் ஒவ்வொரு தகட்டிலும் உபயகாரரின் பெயர், சுற்றும்போது ஒன்றும் வாசிக்க முடியாது.

"மாஸ்டர், நேத்திக்கு விடுறது சேவல். உது என்ன?"

"சேவலுக்குச் சொந்தம்தான், ஐயா."

"உள்ளூர்ச் சொந்தமோ?"

"இல்லை, பூர்வீகம் அமெரிக்கா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப பிரச்சினையில்லை, விடுங்கோ. உபயம் எண்டு காலிலை ஒரு தகடு கட்டுவமோ?"

நான் வேண்டாம் என்றேன்.

முதல் கிழமை தினமும் போனேன். மனைவி என் பக்தியைக் கண்டு அயலில் பெருமையாகச் சொன்னாள். வான்கோழிக்கு என்னைப் பார்க்க நேரமில்லை. காண்டாமணி, மேளம், சங்கு, ஒலிபெருக்கி என்று அதற்கு வாழ்நாள் முழுதும் முழங்கப் போதுமான இலக்கியம் அங்கே இருந்தது. கோயில் வெளிவீதியில் நின்று நான் என் புதிய கட்டுரையின் முதல் பந்தியைச் சற்று உரத்து வாசித்துப் பார்த்தேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கும்பிட வந்த ஒருவர்தான் ஒதுங்கி நடந்தார்.

தை முடிவில் தோழன் மறுபடி வந்தான். கையில் அதே உரப்பை. இனி ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: நேர்த்தி பொய், அந்தப் பையைக் கண்ட பயம், இப்போது வளவு வெறிச்சென்று கிடக்கிறது. அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எட விசரா, வான்கோழியை ஆர் தின்னுறது? உனக்குக் குஞ்சு தந்த பிறகு ஒருக்கா எங்கடை வீட்டிலை ஒண்டு சமைச்சு, நாய்கூட யோசிச்சுத்தான் திண்டது. அண்டைக்கு நான் இந்தப் பையோடை வந்தது உன்ரை மரவள்ளிக் கிழங்குக்கு. நீ நேத்தி, முருகன் எண்டு தொடங்கினாப் போலை, கிழங்கையும் நேந்துபோட்டியோ எண்டுதான் வாய் திறக்கேல்லை."