டிஸ்க்கில் வந்த கலியாணம்

அந்த டிஸ்க் ட்ரைவை வாங்கியது நான். கணினியில் பூட்டியதும் நான்தான். வேறொருவர் தலையில் பழியைப் போட எனக்கு வழியில்லை. பேசாமல் இருந்திருந்தால் அந்த டிஸ்க் இன்றைக்கும் உறையோடு அலுமாரிக்குள் கிடந்திருக்கும். நாங்களும் ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாக இருந்திருப்போம்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், அப்பாவும் நானும் இருக்கிறோம். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அக்கா கனடாவில். அத்தான் முதலில் போய், விசா சரிவந்து தாயையும் பிள்ளையையும் கூப்பிடும்வரை, அக்காவின் மூத்த மகள் இந்த வீட்டில்தான் வளர்ந்தாள். ஆறு வயது வரைக்கும் அவளைக் குளிப்பாட்டியது, தலை பின்னியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வாசலில் அழுதுகொண்டு நின்றது எல்லாம் அப்பா. பிள்ளை அழவில்லை, அப்பாதான் அழுதார்.

அவளுக்குப் போன வருஷம் டொரொன்டோவில் கலியாணம். அப்பா விசாவுக்குப் போட்டார். காலிக்குப் போகும் பெரிய வீதியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், வெள்ளைச் சீலைக்கு முன்னால் இருந்து, இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல் படம் எடுத்தார். அதை அக்காவுக்கும் அனுப்பினோம். விசா கிடைக்கவில்லை. அங்கே போனால் திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லையாம். எண்பது தாண்டிய மனுஷன் பனிக்குள் ஒளிந்திருந்து என்னத்தைச் செய்வார்? கடிதத்தைப் படித்துவிட்டு நான் வீடு அதிரக் கத்தினேன். அப்பா கடிதத்தை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கலியாணத்தைக் கைத்தொலைபேசியில் நேரலையாகப் பார்த்தோம். அப்பா மடியில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார். அதற்குள் அறுகரிசி. தாலி கட்டும் நேரத்தில் பெரியவர்கள் மணமக்கள் தலையில் தூவி ஆசீர்வதிப்பார்களே, பச்சையரிசியும் அறுகம்புல்லும், அதுதான். போனின் திரைக்குத் தூவப் போகிறாரா என்று நான் பகிடி பண்ணினேன். கெட்டிமேளம் தொடங்கியது, படம் நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பப் படம் வந்தபோது ஆட்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். அடுத்த நாள் காலையில் அப்பா அந்த அரிசியைப் பல்கனியில் காகத்துக்குப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, லீவில் வந்த ஒருவரிடம் அக்கா பார்சல் கொடுத்துவிட்டாள். சொக்லேட், விற்றமின் போத்தல், அதோடு பொம்பிளை மாப்பிள்ளை படம் அச்சடித்த ப்ளூ-ரே டிஸ்க் ஒன்று. "நேர பாக்கிற மாதிரி இருக்கும் ஐயா, அவ்வளவு கிளியர்" என்று கொண்டுவந்தவர் சொன்னார். அப்பா அந்த உறையை விளிம்பில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில தாலி கட்டுறது இருக்குமெல்லே?"

"இல்லாமல் இருக்குமே அப்பா."

"அப்ப போடு."

போடுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. டீவிக்குக் கீழே நானே பொருத்திய சின்னக் கணினி ஒன்று உண்டு. இரண்டு பாண் ரொட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான் இருக்கும். படம், பாட்டு, நல்லூர்த் திருவிழா நேரலை எல்லாம் அதில்தான் ஓடும். ஆனால் டிஸ்க் போட வழி கிடையாது. முன்பக்கத்தில் மெல்லிய ட்ரைவ் ஒன்றுக்கு இடம் விட்டு, பிளாஸ்டிக் தகட்டால் மூடியிருந்தார்கள். அந்தத் தகட்டைப் பார்த்ததும் எனக்குக் கை துருதுருத்தது. அலுவலகத்தில் பிரிண்டர் இறுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டிடத்துக்குப் போனேன். முதல் கடைக்காரர் சிரித்தார். "தென் கவ்த நங்கி டிஸ்க் பலன்னே?" இப்போது டிஸ்க் பார்க்கிறது யார் தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்கிறார். இரண்டாவது கடையிலும் அதே சிரிப்பு. ஐந்தாவது கடையில், வயர்க் குவியலுக்கு அடியிலிருந்து மடிக்கணினியில் கழற்றிய மெல்லிய ப்ளூ-ரே ட்ரைவ் ஒன்றை எடுத்து ஊதித் தந்தார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டு வாய் பிளந்தேன். பிளந்த வாயோடு வாங்கினேன்.

சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து, பெட்டியைக் கழற்றினால் அடுத்த அதிர்ச்சி. கடற்காற்று உள்ளே புகுந்து திருகாணியெல்லாம் துருவேறியிருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை. இத்தனை நாள் இது எப்படி ஓடியது என்று எனக்கு விளங்கவேயில்லை. ட்ரைவைக் கொழுவப் போனால் மின்சாரம் கொடுக்கும் வயர் பொருந்தவில்லை. மெல்லிய ட்ரைவுக்கு வாய் சின்னது, அதற்கு வேறு வயர் வேண்டும். திரும்ப பம்பலப்பிட்டி. திரும்ப அதே சிரிப்பு. பிறகு ட்ரைவின் முன் விளிம்பு பெட்டியின் இடைவெளிக்குள் போக மறுத்தது. நகம் தேய்க்கிற அரத்தால் அரை மணித்தியாலம் இருந்து தேய்த்தேன். அப்பா பக்கத்தில் கதிரை போட்டு, டோர்ச் பிடித்துக்கொண்டு இருந்தார்.

கடைசியில் டிஸ்க் உள்ளே போய் "உர்" என்று சுற்றியது. திரையில் அதன் பெயர் வந்தது. வீடியோக்காரர் பதிந்த டிஸ்க் என்பதால் பூட்டு ஒன்றும் இல்லை, சும்மா கிடைக்கும் பிளேயரிலேயே ஓடும். நான் அழுத்தப் போனேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"இப்ப தொடங்காத. ராகுகாலம்."

"அப்பா, அது முடிஞ்சுபோன கலியாணம்!"

"எனக்கு இன்னும் முடியேல்லை. ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பாத்துப் போடுவம். உன்ர சித்தியையும் கூப்பிடு."

அன்றைக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், ஓடவிட்டுப் பார்த்திருந்தால் எல்லாவற்றையும் தடுத்திருப்பேன். நல்ல நேரம் பார்த்து அல்லவா கெட்டோம்.

சித்தி, அம்மாவின் தங்கை, வீடு பாமன்கடைப் பக்கம். ஞாயிறு பின்னேரம் பட்டுச் சீலை உடுத்தி, கேசரியும் ஈர அறுகம்புல்லும் கொண்டுவந்தா. அப்பா வேட்டி சால்வையோடு விபூதி பூசி, டீவிக்கு நேரே இருந்தார். மடியில் அதே கிண்ணம், புது அரிசி. "கலியாணத்துக்கு வந்திருக்கிறம், நீ என்ன வீட்டு உடுப்போட நிக்கிறாய்?" என்று சித்தி என்னை ஏசினா. போய்ச் சீலை மாற்றிக்கொண்டு வந்து நேரம் பார்த்து அழுத்தினேன்.

பிள்ளையார் வந்தார். பிறகு புல்லாங்குழல், சோக ராகம். அம்மாவின் படம் வந்தது. படத்துக்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுடர் ஆடிக்கொண்டிருந்தது. கலியாண வீடியோவில் காலமானவர்களுக்கு முதலில் விளக்கேற்றுவது வழக்கம்தானே. சித்தி மூக்கை உறிஞ்சினா. அம்மா இடப்பக்கம் நகர்ந்தா. வலப்பக்கத்தில் இன்னொரு படம் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றது.

பின்னால் வெள்ளைச் சீலை. இரண்டு காதும் தெரிந்தன. சிரிப்பு இல்லை. மாலை. விளக்கு.

நான் திரையைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தேன். திரும்பத் திரையைப் பார்த்தேன். கண் பார்ப்பதை மூளை எடுக்கவில்லை. ஐம்பத்தைந்து அங்குலத்தில், தாடியின் ஒவ்வொரு மயிரும் தெரிய, அப்பா செத்துப்போயிருந்தார்.

"ஐயோ கடவுளே! அத்தான்!" என்று சித்தி எழும்பியதில் கேசரித் தட்டு கவிழ்ந்தது. "நிப்பாட்டடி! நிப்பாட்டு!"

ரிமோட் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அது என் கையிலேயே இருந்தது. நிறுத்தினேன், மாலையோடு அப்பா திரையில் அப்படியே நின்றுவிட்டார். அப்பா கிண்ணத்தை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "உயிரோட இருக்கிறவரைச் செத்தெண்டு சொன்னா ஆயுள் கூடுமாம் அத்தான்" என்று சித்தி அழுதுகொண்டே சொன்னா. ஒருவருக்கும் அது காதில் ஏறவில்லை.

அக்காவுக்குப் போன் அடித்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அக்காவோடு எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்போம். அன்றைக்கும் கை பழக்கத்தில் அதைத் தட்டிவிட்டது.

"என்னடி இந்த நேரத்தில? அப்பாக்கு ஒண்டுமில்லையே?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அக்கா, அந்த டிஸ்க்கைப் போட்டனான்."

அக்கா மெல்லக் கேட்டாள். "எப்பிடி? உங்களிட்ட அதுக்கு மெஷின் இல்லைத்தானே? உங்களிட்ட ஓடாதெண்டுதானே நான் குடுத்துவிட்டனான்."

படத்தில் மாலையைக் கண்டபோது வந்ததெல்லாம் அதிர்ச்சியே இல்லை. இதுதான் அதிர்ச்சி. அவளுக்குத் தெரியும். பார்சல் கட்டும்போதே தெரியும். டிஸ்க் வராவிட்டால் ஏன் அனுப்பவில்லை என்று கேட்போம், வந்தால் எங்களால் பார்க்க முடியாது என்று நினைத்து அனுப்பியிருக்கிறாள்.

"அந்த வீடியோக்காரன் செய்த வேலையடி. அம்மான்ர படத்தையும் அப்பான்ர படத்தையும் ஒண்டா அனுப்பினனான். அப்பான்ர ஆசி எண்டு தனியப் போடச் சொன்னது. அவன் ரெண்டுக்கும் மாலை போட்டுட்டான். நான் கவனிக்க முதல் எல்லாருக்கும் டிஸ்க் குடுத்து முடிஞ்சுது."

"பாத்த ஆக்கள் ஒண்டும் கேக்கேல்லையே?"

"ரெண்டு மூண்டு பேர் துக்கம் விசாரிச்சவை."

"நீ என்ன சொன்னனீ?"

"அப்பாட்டச் சொல்லிப்போடாத" என்றாள். "ஸ்பீக்கரில போடேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்பா எழும்பினார். கிண்ணத்தைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். சித்தியைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். வெறுங்காலோடு மெதுவாக நடந்து அறைக்குள் போனார். அங்கே நின்று, இப்போதுதான் நித்திரையால் எழும்பியவர் மாதிரி இருமிவிட்டுக் கேட்டார்.

"ஆரது கதைக்கிறது? மூத்தவளே?"

வந்து போனை வாங்கினார். "ஓம் பிள்ளை, நல்லா இருக்கிறன். டிஸ்க்கோ? இவள் என்னவோ பூட்டிக்கொண்டு நிக்கிறாள். நான் இன்னும் பாக்கேல்லை."

அக்கா விட்ட பெருமூச்சு அறை முழுக்கக் கேட்டது. "பாக்க வேண்டாம் அப்பா. அது பழுது. எறிஞ்சு விடுங்கோ. நான் வேற லிங்க் அனுப்புறன்."

"சரி பிள்ளை. உனக்கு அது வசதியெண்டா அப்பிடிச் செய்."

போனை என்னிடம் தந்துவிட்டு வந்து இருந்தார், கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஏன் பொய் சொன்னீர்கள், ஏன் நாலு கேள்வி கேட்கவில்லை என்று குதித்தேன்.

"அவள் அங்க நித்திரை இல்லாமல் இருந்திருப்பாள்" என்றார். "நீ தாலி கட்டுற இடத்துக்குப் போ."

போனேன். கெட்டிமேளம் எந்தத் தடையும் இல்லாமல் கேட்டது. அவர் வளர்த்த பிள்ளையின் கண்ணில் முட்டிய நீர்கூடத் தெரிந்தது. அப்பா கை நிறைய அறுகரிசி எடுத்தார், தூவாமல் நிறுத்தினார்.

"செத்தவன் போட்டாப் பலிக்குமோ?"

"சும்மா இருங்கோ அத்தான்!" என்று சித்தி அவர் முதுகில் அடித்தா. அப்பா சிரித்தார், தூவினார். அரிசி திரையில் பட்டுச் சிதறியது. கணினியின் காற்றுத் துளைக்குள்ளும் விழுந்தது.

மூன்று நாள் கழித்து லிங்க் வந்தது. பின்னேரம் வேலையால் வந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பிள்ளையார் வந்தார், அதே புல்லாங்குழல் வந்தது, அம்மா மாலையோடும் விளக்கோடும் வந்தா. வந்து, நடுவிலேயே தனியாக நின்றா. அடுத்தது மண்டபத்து வாசல், பன்னீர்ச் செம்பு, ஆட்கள். அப்பா கதிரை நுனிக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து தாத்தாவின் ஆசி என்று ஒரு பக்கம் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, நன்றி என்று எழுத்து ஓடி, திரை கறுப்பானது. செத்தவர்களிலிருந்து அப்பாவை எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்களில் சேர்க்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

இந்த முறை விடமாட்டேன் என்று போனை எடுத்தேன். அப்பா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அந்த டிஸ்க்கை எறிஞ்சு போட்டியே?"

"இல்லை அப்பா."

"அப்ப அதைப் போடு, பிள்ளை. அதில எண்டாலும் உன்ர அம்மாக்குப் பக்கத்தில நான் நிக்கிறன்."