மச்சான் கயித்த விடமாட்டான்

வெல்டோ துரோகி என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். கல்யாணம் ஆகி, வேலைக்குப் போய், நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்லும் இடத்துக்கு வந்தாயிற்று. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வயது பத்துதான். போன மாதம் ரயிலில் எதிர் இருக்கைப் பையன் போனில் யாரிடமோ அப்படிச் சொல்லிச் சிரித்தான். கோவில்பட்டியில் ஆரம்பித்தேன். மணியாச்சி வருவதற்குள் "சரிக்கா, அவரு நல்லவருதான்" என்று ஒப்புக்கொண்டு, பட்டப்பகலில் மேல் படுக்கைக்கு ஏறிப் போய்விட்டான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 'வெண்சூரியப் படை' என்று ஒரு வெளிநாட்டுத் தொடர். தமிழில் பேச வைத்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுவார்கள். விண்கப்பல்கள், மந்திரம் தெரிந்த துறவிகள், வாய் பேசுகிற கிரகங்கள் எல்லாம் உண்டு. அதன் நாயகன் கேப்டன் ஒரேவன். கடைசிப் பாகத்தில் அவன் இருள்கிணற்றுக்குள் இறங்குவான். விண்மீன்களுக்கு நடுவில் இருக்கும் அந்தக் கிணற்றின் அடியில் ஒரு சூரியவித்து கிடக்கிறது. அதை எடுத்து வந்தால்தான் அவன் கிரகம் பிழைக்கும். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கப்பலில் கூடவே வரும் வெல்டோவிடம் கொடுத்து, "கயிறு உன் கையில இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டு இறங்குவான். கப்பல் குலுங்கும். திரை இருண்டு வெளுக்கும்போது கப்பலில் ஒரு துண்டுக் கயிறுதான் அறுந்து ஆடிக்கொண்டிருக்கும். வெல்டோவையும் காணோம். முற்றும் என்று போட்டுவிட்டார்கள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அதிலிருந்து ஒரு கிளைத்தொடர் வந்தது. 'இருள்கிணற்றின் மகள்.' ஒரேவனின் மகள் பெரியவளாகி, அப்பாவின் கயிற்றை அறுத்த வெல்டோவைப் பழிவாங்கத் தேடுகிறாள். வாரம் ஒரு பழைய முகம் திரும்பி வரும். ஒற்றைக்கண் சமையல்காரர் வந்தார், கால் உடைந்த ரோபோ வந்தது, சிறையிலிருந்த ராணி வந்தாள். ஒவ்வொருவர் வரும்போதும் நாங்கள் கூப்பாடு போட்ட கூப்பாட்டில் தெருவே எட்டிப் பார்க்கும். கேப்டன் மட்டும் வரவில்லை.

நாங்கள் பார்த்தது மாமா வீட்டில். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். தெருவிலேயே பெரிய டிவி அவர் வீட்டில்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் நான்தான், அல்லது என் ஃப்ளெக்ஸ். மாதா கோயிலில் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தபோது தெருமுனையில் அப்பா ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார். நடுவில் வெள்ளைக் கவுனில் நான். சுற்றிலும் சித்தப்பாமார், பெரியப்பாமார், அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்கள், யாரென்றே தெரியாத ஒரு கூலிங்கிளாஸ்காரர்கூட இருந்தார். தாய்மாமன் படம் இல்லை. ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்காரர் ஓரத்தை வெட்டும்போது மாமாவையும் சேர்த்து வெட்டிவிட்டார். மாமா வந்து அண்ணாந்து பார்த்தார், சாப்பிடாமல் போய்விட்டார். தாய்மாமன் இல்லாமல் ஒரு புதுநன்மையா என்று ஊரெல்லாம் கேட்டார். கடைக்காரன் செய்த தப்புக்கு நான் எதற்குக் காலில் விழ வேண்டும் என்று அப்பாவும் முறுக்கிக்கொண்டார்.

இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். அப்பா சங்கு குளிக்கிறவர். படகில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து டியூப் வழியாகக் காற்று போகும், அவர் கடலடியில் சங்கு தேடுவார். இடுப்புக் கயிறு மேலே ஒருவர் கையில் இருக்கும். எங்கள் பக்கத்தில் அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவன். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படி. ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பிடிக்கிறவன் கண் அசந்தால் அறுவது அவன் தங்கச்சியின் தாலி. அப்பாவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து மாமாதான் பிடித்தார். ஃப்ளெக்ஸுக்குப் பிறகு அவர் கடலுக்கு வரவில்லை. அப்பா கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்தார். அந்த ஆள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டுதான் கயிறு பிடிப்பார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பா படகு ஏறிய பிறகு அம்மா ஒரு வேலையும் உருப்படியாகச் செய்ய மாட்டாள். ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை விளக்குவாள். ஜெபமாலை கையை விட்டு இறங்காது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படாமல் இல்லை. பெரியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன்.

அப்போது லீவுக்கு வந்திருந்தான் பெரியம்மா மகன், சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிற அண்ணன். அவன் எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே பார்த்து முடித்தவன். எந்தக் கிரகத்துக்கு எத்தனை நிலா, எந்த ராணி யாருக்குச் சித்தி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான். கிளைத்தொடர் மட்டும் அவனுக்கும் புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாகம் முடிந்ததும், கேப்டன் வரவே மாட்டான் என்று தீர்ப்புச் சொன்னான். அந்த நடிகருக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம், கயிற்றை அறுத்தது வெல்டோவாம், செத்தவன் செத்தவன்தானாம்.

"அவன் மச்சான்ண்ணே" என்றேன். "மச்சான் எப்படிக் கயித்த விடுவான்? விட்டா அவன் தங்கச்சில்லா தாலியறுப்பா."

அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அது டப்பிங்காரர்கள் போட்ட மச்சான், இங்கிலீஷில் சும்மா தோழா என்பதுபோல் ஏதோ ஒரு வார்த்தை, எங்கள் ஹாஸ்டலில் வாட்ச்மேன்கூட எனக்கு மச்சான்தான் என்றான். இருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து சிரித்தார்கள். யார் சொன்னது தப்பாகிறதோ அவர் மாதா கோயில் தேர் வரைக்கும் மற்றவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பந்தயம் போட்டான். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"கோவம்னா கரைக்கு வந்தப்பொறவு சண்டை போடுவான். ஆளு தண்ணிக்குள்ள கெடக்கையில, கயித்த விட்டுட்டு ஒருத்தன் வீட்டுல வந்து படுத்துக் கெடப்பானா? அவன் மச்சானா?"

கிணற்றைத் தண்ணீர் என்று சொல்லிவிட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டிலில் மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குசினியிலிருந்து அத்தை கையில் கரண்டியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அடுப்புக்கே திரும்பினாள். சிரித்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் வாதம் எல்லோரையும் அடித்துப்போட்டுவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா எழுந்து, துண்டைத் தோளில் போட்டு, டீகூடக் குடிக்காமல் வெளியே போனார். தூங்குகிற மனுஷனை எழுப்பிவிட்டோமே என்று அதற்கு மட்டும் வருத்தப்பட்டேன்.

மறுநாள் காலையில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டி எடுத்துக்கொண்டு கரைக்குப் போனால், படகில் மாமா நிற்கிறார். டியூபை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்த ஆள் மணலில் உட்கார்ந்திருந்தார். அப்பா தள்ளி நின்று வேட்டியை மடித்துக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினார்.

"மாப்ள, இந்த டியூப எவன் மாட்டுனது?"

"அவன்தான் மச்சான்."

இவ்வளவுதான் பேசினார்கள். இதை வீட்டில் வந்து நான் பாதியில்தான் சொன்னேன். முதல் பாதி முழுக்க அண்ணன்மேல் புகார். மாமா படகில் ஏறினார் என்றதும் அம்மா மீன் நறுக்கிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிக்கவும் செய்தாள். அண்ணன் தோற்கப்போவதில் அம்மாவுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன்.

அந்த வாரமே சனிக்கிழமை மத்தியானம் ஆகும் முன்பே அப்பா வீடு திரும்பினார். ஆட்டோவில் மாமா அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போனது. வாய்வுப் பிடிப்பு, ஒன்றுமில்லை என்று சொல்லி என்னைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிரியின் கோட்டைக்கே அனுப்பினார்களே என்று எனக்கு அடக்க முடியாத கோபம். ஆனால் அண்ணன் அன்று ஒரு கேலிகூடச் செய்யவில்லை. தன் போர்வையை எனக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தரையில் படுத்தான். தோல்வி பயம் வந்துவிட்டது என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வீட்டுக்கு ஓடினால், அங்கே அப்பா இருக்கிறார். மாதக்கணக்காக அந்த வாசல்படி மிதிக்காத அப்பா, மாமாவின் கட்டிலில், மாமாவின் தலையணையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மாமா. தரையில் அம்மாவும் அத்தையும். மாமாவின் இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளைத் துணிக் கட்டு. என்ன மாமா என்று கேட்டேன். கெளுத்தி முள் குத்திவிட்டது என்றார். ஒரு கெளுத்தி எப்படி இரண்டு கையிலும் குத்தும் என்று கேட்டிருப்பேன், அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது.

மகள் இருள்கிணற்றின் விளிம்பில் நிற்கிறாள். இசை நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரு கை மேலே வருகிறது. வயதான கை. மணிக்கட்டில் கயிறு சுற்றிச் சுற்றி, சதைக்குள் அழுந்திக் கிடக்கிறது. அப்புறம் நரைத்த தாடியோடு முகம். வெல்டோ. கயிற்றை அவன்தான் அறுத்திருக்கிறான், ஆனால் கப்பல் பக்கத்து முனையை. அறுத்துத் தன்மேல் கட்டிக்கொண்டு கேப்டனுக்குப் பின்னால் குதித்திருக்கிறான். அவன் திரும்பி, இரண்டு கையாலும் இழுக்கிறான். இழுக்க இழுக்க, கயிற்றின் அடியில் வெளிச்சம். கையில் சூரியவித்தோடு கேப்டன் ஒரேவன் வருகிறான்.

"நான் விடல மச்சான்" என்றான் வெல்டோ.

நான் குதித்த குதியில் அத்தையின் டீத்தம்ளர் உருண்டது. சொன்னேன்லா, சொன்னேன்லா என்று வீடு அதிரக் கத்தினேன். திரும்பிப் பார்த்தால், ஒரு பாகமும் ஒழுங்காகப் பார்த்திராத என் குடும்பமே அழுதுகொண்டிருக்கிறது. மாமா கட்டுப் போட்ட கைகளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அப்பா அவர் தோளை விடாமல் பிடித்திருந்தார். அம்மா அழுதாள், சிரித்தாள், என்னை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். இத்தனை நாள் கழித்தாவது இந்தத் தொடரின் அருமை இவர்களுக்குப் புரிந்ததே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. முன்கதை தெரியாமல் கஷ்டப்படுவார்களே என்று முதல் பாகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அதிசயமாக, யாரும் போதும் என்று சொல்லவில்லை.

அண்ணன் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். "கேப்டன்" என்றான். பந்தயம் தேர் வரைக்கும்தான். என் கல்யாண மேடையில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோர் முன்னாலும்கூட அவன் அப்படித்தான் கூப்பிட்டான்.

அந்த மாதமே தெருமுனையில் புது ஃப்ளெக்ஸ் வந்தது. நடுவில் ஆளுயரத்துக்கு மாமா, ஓரத்தில் தபால்தலை அளவுக்கு நான். பெரியவளான பிறகு இங்கிலீஷ் மூலத்தைப் பார்த்தேன். வெல்டோ யாருக்கும் அண்ணன் இல்லை, அவனுக்குத் தங்கச்சியே கிடையாது. மச்சானைப் பற்றி அண்ணன் சொன்ன அத்தனையும் சரி, தோற்றது மட்டும்தான் தப்பு. சென்னையில் எங்கோ உட்கார்ந்து மச்சான் என்று எழுதிய அந்த முகம் தெரியாத மனுஷருக்கு நான் செய்ய வேண்டிய மரியாதை நிறைய இருக்கிறது. ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை கடலுக்கு நடுவில் கம்ப்ரசர் நின்றுபோனதை அப்பா ஒருநாள் சொன்னார். காற்று இல்லாமல், பாறையில் டியூப் சிக்கி, அடியில் கிடந்தவரை வெறுங்கையால் இழுத்து ஏற்றியிருக்கிறார் மாமா. உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது தெரியாது. அன்றைய பாகம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏளா, அந்த வெல்டோ கைக்கு மருந்து போட்டாங்களா?"

அது கதைம்மா, எல்லாம் பெயின்ட் என்று சிரித்தேன். அம்மாவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நகர்ந்து போய் மாமாவின் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தளர்ந்திருந்த கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தாள். அடுத்த வாரக் காட்சிகளைப் போடுகிறார்கள், பாரம்மா, பாரம்மா என்று எவ்வளவு கூப்பிட்டும் அவள் திரும்பவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.