உப்புப் பார்ப்பவர்

ரமலான் வந்துவிட்டால் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்ச ஆளுக்குப் பஞ்சமில்லை. உப்புப் பார்க்கத்தான் ஆள் கிடைக்காது. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று இமாம் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் கிண்டுகிற எவனுக்கும் மனசு வராது. அதனால் அந்த வேலை மசூது அண்ணனுக்கு.

அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை. தோ பாயோவில் பஸ்ஸை நிறுத்தி, ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறப்பார். இப்போது சர்க்கரை முற்றி, ஊசியில்தான் உடம்பு ஓடுகிறது. நோன்பு கூடவே கூடாது என்றார் டாக்டர். நோயாளிக்கு மார்க்கமே விலக்கு தந்திருக்கிறது, விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றார் இமாம். அதையும் கொடுத்துவிட்டு, மாதம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்.

"எங்களுக்குக் கிடைக்காத சலுகை லா உங்களுக்கு," என்று சீண்டுவேன்.

"நீயே வச்சுக்க," என்பார்.

அன்றைக்கும் கஞ்சி கொதித்ததும் கரண்டியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். "சரியா இருக்கு, எறக்கு," என்றார்.

சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் என் பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தைக் கடித்தார். ஒரு மடக்குக் கஞ்சி குடித்துவிட்டுத் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"நசீரு, உப்பே இல்லப்பா!"

"நீங்கதானே பார்த்தீங்க?"

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அண்ணே, நோன்பா?"

தலையசைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"மயங்கி விழுந்திருந்தா? அண்ணிக்கு யாரு பதில் சொல்றது?"

"திட்டிக்க," என்றார். "தினமும் நீங்கள்லாம் பாங்குக்குக் காத்துக்கிட்டு இருப்பீங்க. நான் மட்டும் வயித்துல சோத்தோட நடுவுல உக்காந்திருப்பேன். இன்னைக்கு நானும் காத்துக்கிட்டு இருந்தேன்டா."

சொல்லிவிட்டு உப்பில்லாத அந்தக் கஞ்சியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். அன்றே அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பகல் சாப்பாட்டைப் பக்கத்தில் நின்று சாப்பிட வைத்துத்தான் அண்ணி அனுப்பியிருந்தார். கஞ்சி கொதித்ததும் கரண்டியை நீட்டினேன். என் கண்ணெதிரிலேயே ஊதிக் குடித்தார்.

"உப்புப் போதும்," என்றார். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கஞ்சி குடித்த அடையாளமே தெரியாதபடி வாயை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.