கால் பட்டால்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் பசுவந்தனைக்கு அருகே ஒரு சிற்றூரில் பங்குச் சாமியாராக இருந்தேன். ஞாயிறு மாலைகளில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த இளைஞர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுப்பேன். தண்ணீர் வற்றிய கண்மாய்தான் மைதானம். கரிசல் வெடிப்பில் பட்டால் பந்து நினைத்த பக்கம் திரும்பும். அதைக்கூடப் பழகிக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் அவர்களால் விட முடியவில்லை.

நானும் இறங்கி ஆடுவேன். யார் கால் என்மேல் பட்டாலும், ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்து, என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதற்குள் பந்தைக் கொண்டுபோய்விடுவேன். கழுகுமலை அணியோடு ஆடியபோது எங்கள் தடுப்பாட்டக்காரர் எதிரணிக்காரரின் காலை மிதித்துவிட்டு, அவரையும் தொட்டுக் கும்பிட்டார். கோல் விழுந்தது.

“ஏலே, பந்து வெளையாட வந்தியா, கோயிலுக்கு வந்தியா?” என்று கரையிலிருந்து ஒரு குரல்.

“அவிய வயசுல மூத்தவிய சாமி. மிதிச்சிட்டுச் சும்மா போவ முடியுமா?” என்றார் தடுப்பாட்டக்காரர் என்னிடம்.

“மிதிச்சா நிக்காதீங்க, ஓடுங்க” என்று வாராவாரம் சொன்னேன். அணிக்காக மட்டும் சொல்லவில்லை. கடைக்குப் போனால் எல்லாரும் விலகி வழிவிடுவார்கள். விருந்துக்கு அழைத்தால் எனக்குத் தனியே இலை போட்டு, நான் எழும்வரை நின்றுகொண்டிருப்பார்கள். கண்மாயிலாவது ஒருவர் என்னை மற்றவர்களைப் போல இடித்துத் தள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிறகு என்னை ஆப்பிரிக்காவுக்கு மறைபணிக்கு அனுப்ப முடிவானது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, அதே தடுப்பாட்டக்காரர் வந்த வேகத்தில் என் கணுக்காலில் உதைத்தார். விழுந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் பந்தோடு போனார். கோல் அடித்த பிறகுதான் கத்தினார்: “சாமி, எந்திரிங்க, நடிக்காதீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். எழ மனமில்லாமல் கொஞ்ச நேரம் அந்த மண்ணிலேயே கிடந்தேன்.

போன இடத்திலும் பந்து இருந்தது. அங்கே யாரும் எதற்கும் நிற்பதில்லை. இடித்தார்கள், மிதித்தார்கள், ஓடினார்கள். நான் கேட்ட ஆட்டம் அதுதான். ஒரு மாலை என் கால் ஓர் ஆட்டக்காரரின் மேல் பட்டது. என்னையறியாமல் குனிந்து, அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து அவர் தன் முழங்காலைத் தட்டிவிட்டுப் பந்தின் பின்னால் ஓடினார். விளக்கிச் சொல்ல அந்த மொழியில் எனக்கு இன்னும் சொல் வந்திருக்கவில்லை. என் விரலில் செம்மண் ஒட்டியிருந்தது.