தொட்டியத்து அக்காவின் வேண்டுதல்

சென்னையில் பிசியோதெரபி படிக்க வந்த முதல் வருடம் எனக்கு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். ஒருத்தி மொரீஷியஸ்காரி, ஹாஸ்டலில் என் அறையிலேயே இருந்தவள். இன்னொருத்தி திருவெறும்பூர்க்காரி, வகுப்பில் எங்கள் பெஞ்ச். நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், படித்தது தமிழ்ப்பள்ளி. அதனால் எனக்கு இங்கே பேச்சுக்குப் பிரச்சினை இல்லை. மொரீஷியஸ்காரி பாடு வேறு. அவளும் தமிழ்க் குடும்பம்தான், தைப்பூசத்துக்கு வீட்டோடு காவடி எடுப்பார்களாம். ஆனால் பேசுவது கிரியோல், எழுதுவது பிரெஞ்சு, எங்களோடு ஆங்கிலம். தமிழில் அவளிடம் இருந்தது ஒரு வணக்கம், ஒரு அரோகரா, கொஞ்சம் சாப்பாட்டுப் பெயர்கள். முகத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வழி கேட்பவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவளிடம்தான் கேட்பார்கள்.

செமஸ்டர் நடுவே ஒரு வார இறுதிக்குத் திருவெறும்பூர்க்காரி எங்களைத் தன் ஊருக்குக் கூப்பிட்டாள். அவளுடைய அப்பாவுக்குத் தஞ்சாவூர் ரோட்டில் இருக்கும் ஃபேக்டரியில் வேலை. சனிக்கிழமை காலை நாங்கள் போய் இறங்கியபோது அவர் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவளுடைய அம்மா எங்களுக்கு இட்லி வைத்துக்கொண்டே, இன்றைக்கு ஸ்ரீரங்கம் போக வேண்டாம், புரட்டாசி சனிக்கிழமை, கால் வைக்க இடம் இருக்காது, நாளைக்குப் போங்கள் என்றார். கூட்டம்தான் வேண்டும், மொரீஷியஸ்காரிக்குக் காட்ட வேண்டும் என்றாள் மகள். கடைசியில் அம்மாவே மொரீஷியஸ்காரிக்குத் தன் பச்சைப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டு, தலை நிறைய மல்லிகை வைத்து அனுப்பினார். வாசலில் நின்று பார்த்தபோது எங்கள் மூன்று பேரில் அவள்தான் அசல் திருச்சிக்காரியாகத் தெரிந்தாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, காவிரிப் பாலம் தாண்டி, ராஜகோபுரத்தடியில் இறங்கினோம். கூட்டம் கோபுரத்துக்கு வெளியிலேயே ஆரம்பித்துவிட்டது. புடவையோடு பையும் எதற்கு என்று மொரீஷியஸ்காரியின் போனையும் பர்ஸையும் நான்தான் என் பையில் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கருடாழ்வார் சந்நிதியருகே ஒரு பெரிய கூட்டம் கோவிந்தா சொல்லிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. நானும் திருவெறும்பூர்க்காரியும் தூண் பக்கம் ஒதுங்கினோம். கூட்டம் போனபின் பார்த்தால் பச்சைப் புடவையைக் காணோம்.

முதலில் சிரித்தோம். ஐந்து நிமிடம் நின்றோம். வரவில்லை. பிறகு தேட ஆரம்பித்தோம். அந்தக் கோயிலில் ஒரு ஆளைத் தேடுவது ஒரு ஊருக்குள் ஆளைத் தேடுவது மாதிரிதான். தாயார் சந்நிதி, சக்கரத்தாழ்வார் சந்நிதி, பிரசாதக் கடை என்று சுற்றினோம். பச்சைப் புடவைகள் ஏராளமாக இருந்தன. திருவெறும்பூர்க்காரி ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பி, அது வேறு யாரோ ஆகி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தாள். போன் இல்லை, காசு இல்லை, பாஷை இல்லை. மொரீஷியஸில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்கு நான் என்ன சொல்வேன் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அறிவிப்புச் செய்யச் சொல்லலாம் என்றால் தமிழில் அறிவித்து என்ன பயன் என்று திருவெறும்பூர்க்காரி கேட்டாள். அது நியாயமாகத்தான் இருந்தது.

ஆயிரங்கால் மண்டபத்துப் பக்கம், மணல்வெளி ஓரத்து நிழலில் அவளைக் கண்டுபிடித்தோம். ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் இவள். நெற்றியில் திருமண், கையில் துளசி, மடியில் ஒரு சீப்பு வாழைப்பழம். நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா தொன்னையில் புளியோதரையை வைத்து, வாயருகே கையைக் கொண்டுபோய்ச் சாப்பிடும் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். இவளும் ஜாடையிலேயே, போதும், வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து, எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் பொழிந்தாள்.

அந்த அக்காவின் கை தொன்னையோடு அப்படியே நின்றது. அக்கா தொன்னையைக் கீழே வைத்து, சந்நிதி இருக்கும் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

நடந்தது இதுதான். கூட்டத்தில் அடித்துக்கொண்டு போனவளை அந்த அக்கா கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, எந்த ஊர், யார் கூட வந்தாய் என்று கேட்டிருக்கிறார். தமிழ் தெரியாது என்று காட்ட, இவள் தன் வாயைத் தொட்டு, கையை விரித்து, தலையை ஆட்டியிருக்கிறாள். அக்காவுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். வாய் பேச வராத பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்று முடிவு செய்து, கையை விடாமல் வரிசையில் கூட்டிப் போயிருக்கிறார். முன்னால் நின்றவர்களிடம் விஷயத்தைச் சொல்ல, எல்லோரும் வழி விட்டிருக்கிறார்கள். நாங்கள் பிராகாரம் பிராகாரமாக அலைந்த நேரத்தில் இவள் ரங்கநாதரை நிதானமாகச் சேவித்துவிட்டு வந்திருக்கிறாள். எங்களுக்கு அன்றைக்குத் தரிசனமே கிடைக்கவில்லை.

விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"அவளுக்குப் பேச வரும்க்கா. தமிழ்தான் வராது."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "தமிழ் வராதா? இந்த மூஞ்சிக்கா?"

மொரீஷியஸ் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். கடலுக்கு நடுவில் என்றதும் ஒரு பெண் இலங்கையா என்று கேட்டாள். அதற்கும் அந்தப் பக்கம் என்றேன். வட்டத்தில் முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மொரீஷியஸ்காரி என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் சிவந்து அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பெருமாளிடம் வேண்டிக்கொண்டுவிட்டாராம். இந்தப் பிள்ளைக்குப் பேச்சு வந்தால் மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு அவள் கையாலேயே சிதறு தேங்காய் உடைக்க வைப்பதாக.

திருவெறும்பூர்க்காரி மெதுவாக, "அவளுக்கு முன்னாடியே பேச்சு வரும்தானேங்க்கா" என்றாள்.

"அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுல்ல? நான் கேட்டேன், அவ பேசிட்டா. இப்பப் போயி, இல்ல சாமி, அது வேற கணக்குன்னு நான் எப்படிச் சொல்றது?"

அக்காவுக்கு ஊர் தொட்டியம், வாழைத் தோட்டம் வைத்திருந்தார்கள். அன்றைக்கே திரும்பிப் போக வேண்டியவர், உறையூரில் தம்பி வீடு இருக்கிறது, ராத்திரி அங்கே தங்கிக்கொள்கிறேன் என்றார். காலையில் மலைக்கோட்டை வாசலில் நிற்க வேண்டும் என்று மொரீஷியஸ்காரியிடம் சொன்னார், ஜாடையிலேயே. அவளுக்கு அது சரியாகப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் போனபோது அக்கா எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கடை வீதி அப்போதுதான் கதவு திறந்துகொண்டிருந்தது. தேங்காய்க் கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும் மலேசியாவா என்றார். கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவராம். சாப்பிட்டாச்சா என்று மலாயில் கேட்டார். மொரீஷியஸ்காரி என்னைப் பார்த்து, எல்லாப் பாஷையிலும் பேச உனக்கு மட்டும் எப்படி ஆள் கிடைக்கிறது என்று பொறாமைப்பட்டாள்.

உச்சி வரை ஏறினோம். பிள்ளையாரைக் கும்பிட்டோம். மேலே காற்று அடித்த அடியில் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தூரத்தில் தெரிந்த கோபுரத்தைக் காட்டி, நேற்று அங்கே நீ தொலைந்தாய் என்று ஜாடையில் சொன்னார். அடிவாரத்துக்கு இறங்கி வந்து தேங்காயை அவள் கையில் கொடுத்தார். அவள் கிரிக்கெட் பந்தை உருட்டுவது மாதிரி உருட்டினாள். தேங்காய் உடையாமல் ஓடிப்போய் ஒரு போலீஸ்காரரின் பூட்ஸில் முட்டி நின்றது. அவர் சிரிக்காமல் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது முறை அவள் வெறியோடு ஓங்கி அடித்ததில் சில்லுகள் என் சுடிதார் வரைக்கும் தெறித்தன. அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். அதன் பிறகுதான் அவர் முகத்தில் முழுச் சிரிப்பைப் பார்த்தேன்.

பஸ் ஏறும்போது மொரீஷியஸ்காரி, இரண்டு நாளாகக் காதில் விழுந்ததைச் சேர்த்து, "போயித்து வரேன்" என்றாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். போன் நம்பரை வாங்கிக்கொண்டது அப்போதுதான்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வாரத்துக்கு ஒருமுறை தொட்டியத்திலிருந்து வீடியோ கால் வரும். அக்கா வாழைத்தாரைக் காட்டுவார், ஆட்டுக்குட்டியைக் காட்டுவார். இவள் ஹாஸ்டல் சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவாள். நடுவில் நான் மொழிபெயர்க்கப் போனால் இருவரும் சேர்ந்து என்னை விரட்டிவிடுவார்கள். பொங்கலுக்கு அவள் தனியாகவே தொட்டியம் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள். கைக்கு மருதாணி, பைக்குள் பூவன் பழம், வாய்க்குள் புதிதாக நிறையத் தமிழ்.

அங்கே தெருவே அவளைப் பார்க்க வந்ததாம். பெருமாள் பேச வைத்த பொண்ணு என்றுதான் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். மொரீஷியஸ் சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டார். ஒரு பெரியவர் இவளை ஏதாவது பேசச் சொல்லிக் கேட்டு, இவள் "சாப்டீங்களா" என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

நீ உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் தமிழ் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் பழத்தை உரித்தாள்.