வளையல் கடை பேபியக்கா

காலையில் நடக்கப் போகும்போது சேவுக் கடை நெருங்கினாலே பேபியக்காவின் நடையில் வேகம் கூடிவிடும். விடிகாலையிலேயே எண்ணெய்ச் சட்டி ஏறிவிடுகிற கடை அது. "நின்னேன்னா வாங்கிருவேன் அண்ணாச்சி" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவார்.

கோவில்பட்டியில் அவருக்கு வளையல் கடை. கையைப் பிடித்துப் பார்த்தே அளவு சொல்வார். எத்தனை இறுக்கமான கண்ணாடி வளையலையும் பேச்சுக் கொடுத்தபடியே ஏற்றிவிடுவார். 2006 மழைக்காலத்தில் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்தபோது அவருக்கும் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது, மூட்டுவலி விடவில்லை. தண்ணீர்த் தம்ளரைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. ஒருநாள் விரல் பிடி தவறி வளையல் உடைந்து, வாங்க வந்த பெண்ணின் மணிக்கட்டில் ரத்தம். அன்றிலிருந்து அக்கா யார் கையையும் தொடவில்லை. கணவர் செண்பகராஜ் போட்டுவிட முன்வந்தால் பெண்கள், "பொதிஞ்சு தாங்க, வீட்டுல போட்டுக்கிடுதோம்" என்று நழுவினார்கள்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். மெல்லத்தான் சரியாகும், மூட்டுகளைச் சும்மா வைக்க வேண்டாம் என்றார். அதிலிருந்து தினமும் நடை; வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டல்; ஒன்பது மணிக்குத் தூக்கம்; எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. வேலியில் படர்ந்த முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை.

"கசக்காதா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்.

"கசக்கத்தான் செய்யும். வலியவிடவா?"

பத்து மாதத்தில் வீக்கம் வடிந்தது. "கீரை செஞ்சுச்சோ, மாத்திரை செஞ்சுச்சோ, யாரு கண்டா? எல்லாத்தையும் கும்பிட்டுக்கிடுதேன்."

அந்தச் சமயத்தில்தான், சின்ன வயசிலிருந்தே அக்கா கையால் வளையல் போட்டு வளர்ந்த மாரிச்செல்விக்குப் பசுவந்தனையில் வளைகாப்பு. பேபியக்காதான் வந்து போட்டுவிட வேண்டும் என்று அவள் ஒரே பிடிவாதம். அக்காவுக்குப் போகவே பயம். உடைந்தால் அபசகுனம் என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியின் கையோ நீர் கோத்து வீங்கியிருந்தது.

"ஏட்டி, கைய லேசா விடு. பிள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போற?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்த நேரத்தில் முதல் வளையல் ஏறிவிட்டது. பிறகு பச்சையும் சிவப்புமாக இரண்டு கைகளும் நிறைந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அக்கா நீளமாக மூச்சு விட்டார். மாரிச்செல்வியின் கன்னங்களை இரு கைகளாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். நெட்டி படபடவென்று முறிந்தது.