ஆறு குடித்தனம், ஒரே குழாய்

கொரோனா இரண்டாம் அலை புதுச்சேரியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த கோடைக்காலம் அது. முத்தியால்பேட்டையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். மொத்தம் ஆறு குடித்தனம். நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், பின்பக்கம் இரண்டு கழிவறை. ஆறு குடும்பத்துக்கும் அவ்வளவுதான். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். என் கணவருக்குப் பக்கத்துத் தெருவில் வெல்டிங் பட்டறையில் வேலை. பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் மகளை வில்லியனூரில் என் அக்கா வீட்டில் விட்டிருந்தோம்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிர் வாசலில் ஒரு அக்கா. அவருக்கும் எனக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. துணி காயப்போடும் கொடியில் ஆரம்பித்த சண்டை, குடம் வைக்கும் வரிசையில் வளர்ந்து, கடைசியில் முகத்தைப் பார்த்தால் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தது. ஆனால் அவர் கணவர் தங்கமான மனிதர். மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய கொஞ்ச நாளில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். வரும்போது ஆள் பிழிந்த துணி மாதிரி இருப்பார். அப்படியும் என்னைப் பார்த்தால் சிரிப்பார்.

ஒரு நாள் என் கணவருக்கு ஜுரம் வந்தது. கூடவே வறட்டு இருமல்.

“பட்டறைச் சூடு. வெயில் ஜுரம். ரெண்டு நாள்ல போயிடும்” என்றார்.

எனக்கும் அப்படித்தான் நம்ப வேண்டும்போல இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது நம்பிக்கை இல்லை, பயம். முதல் அலையில் அடுத்த தெருவில் ஒரு குடும்பத்துக்கு வந்தபோது வாசலில் தகரம் வைத்து அடைத்தார்கள். அவர்கள் குணமாகி வெளியே வந்த பிறகும் மாதக்கணக்கில் யாரும் அந்த வீட்டுப் படியேறவில்லை. எனக்கு அந்த நிலை வந்தால் ஜாக்கெட் தைக்க யார் துணி கொடுப்பார்கள்? காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்காரர் வேறு முன்கோபி. காலி பண்ணச் சொன்னால் அந்த ஊரடங்கில் எங்கே போவது? இதையெல்லாம் நினைத்துக்கொண்டு இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அவர் இருமும்போதெல்லாம் மிஷினை வேகமாக ஓட்டினேன், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க.

இரண்டாம் நாள் சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போனேன். மாஸ்க் கூடப் போடவில்லை. போட்டால் சந்தேகம் வந்துவிடுமாம், என் புத்தி அப்படிப் போனது. குடத்தைத் தூக்க முடியவில்லை. எனக்கும் உடம்பு வலி ஆரம்பித்திருந்தது. குழாயடியில் நின்றிருந்த எதிர் வீட்டு அண்ணன், அந்த அக்காவின் கணவர், என் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டார்.

“உடு தங்கச்சி, நான் வாசல்ல வச்சிடுறேன். ஏம்மா, அவருக்கு ஒடம்பு சரியில்லியா? இருமல் சத்தம் கேக்குதே?”

“பட்டறைப் புகைண்ணே. ஒண்ணுமில்ல.”

அவர் தலையாட்டிவிட்டு, டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன கைக்கு மாற்றுக் கையால் என் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் வாசலில் வைத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழ தூரம்கூட இல்லை.

உள்ளே வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். இந்த மனிதருக்கு இந்த நோய் வந்தால் பிழைப்பாரா? எங்கள் தெருவிலேயே அந்த மாதம் இரண்டு வீட்டில் சாவு. இரண்டு பேரும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். இவர் என் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவர். அவரிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன்.

எழுந்து கணவரிடம் போனேன். “நான் எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்” என்றேன்.

“பைத்தியமா ஒனக்கு? டெஸ்ட்டே எடுக்கல. நாளைக்கு வீட்டுக்காரர் வந்து சாமானத் தூக்கி வெளிய வப்பாரு.”

“வச்சா வக்கட்டும். அந்த அண்ணனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அப்புறம் எந்த ஊட்ல இருந்தாலும் எனக்குச் சோறு எறங்காது.”

அவர் மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, “சரி, போய்ச் சொல்லு. மாஸ்க்க போட்டுட்டுப் போ” என்றார்.

மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்று உரக்கக் கூப்பிட்டேன். ஐந்து வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். கால் வெடவெடவென்று ஆடியது.

“எங்க ஊட்ல அவருக்கு ரெண்டு நாளா ஜுரம், இருமல். எனக்கும் இன்னிக்கு ஒடம்பு வலிக்குது. காலைல டெஸ்ட்டுக்குப் போறோம். கொரோனாவா இருக்கும்னு நெனைக்கிறேன். குழாய நானும் தொட்டிருக்கேன். அண்ணே, சாயங்காலம் உங்ககிட்ட புகைன்னு சொன்னேன் பாருங்க, அது பொய். என்னை மன்னிச்சிடுங்க.”

எதிர் வீட்டு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கணவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவை அறைந்து சாத்தினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அவரைக் குளிக்க வைக்கிறார் என்று புரிந்தது.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் சோப்பும் ப்ளீச்சிங் பவுடருமாக வந்தார். குழாயையும் அதன் மேடையையும் தேய்த்துக் கழுவினார். பிறகு முற்றத்தின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“இந்தா பாரு, நம்ம சண்டை எங்கயும் ஓடிடாது. அத்த அப்புறம் போட்டுக்கலாம். இப்ப நான் சொல்றத கேளு.”

அன்றிலிருந்து எங்கள் காம்பவுண்டுக்கு அந்த அக்காதான் தளபதி. கணவரோடு டயாலிசிஸ் வார்டில் வருடக்கணக்காக உட்கார்ந்து பார்த்தவர், கிருமி எப்படிப் பரவும் என்பது அவருக்கு அத்துப்படி. பின்பக்கக் கழிவறையில் ஒன்று எங்களுக்கு மட்டும். நாங்கள் முற்றத்தில் இறங்கவே கூடாது, கழிவறைக்கு வீட்டுப் பின்கதவு வழியாகப் போய் வர வேண்டும். எங்களுக்குத் தண்ணீரும் சாப்பாடும் வாசலில் வைத்துவிட்டு அவர்கள் விலகிய பிறகே நான் கதவைத் திறந்து எடுக்க வேண்டும். ஜன்னல்கள் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் வீட்டுக்கு வெளியே வந்தால் மாஸ்க். குழாயடியில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்.

கடைசி போர்ஷனில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்று சொல்வோம். நேரம் பிரித்துக் கொடுக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். குழாய்க்கு மேலே சுவரில் சாக்பீஸால் ஒவ்வொரு வீட்டுக்கும் கால் மணி நேரம் எழுதி வைத்தார். யாராவது ஒரு நிமிடம் முந்தி வந்துவிட்டால், “மதாம், இன்னும் டைம் ஆவுல” என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார்.

மறுநாள் டெஸ்ட், அதற்கு மறுநாள் ரிசல்ட். எங்கள் இருவருக்குமே பாசிட்டிவ். சுகாதார ஊழியர்கள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன ஒரு மணி நேரத்தில் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று கத்தினார்.

“ஊருக்கே நோயப் பரப்பவா வாடகைக்கு உட்டேன்? ஒடம்பு சரியானதும் மொத வேலையா காலி பண்ணணும், சொல்லிட்டேன்.”

நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எதிர் வீட்டு அக்கா முற்றத்துக்கு வந்தார்.

“அவ வாயத் தொறந்து சொன்னதாலதாங்க நாங்க உஷாரா இருக்கோம். மறைச்சிருந்தா எம் புருஷன் உசுரு இந்நேரம் யார் கைல இருந்திருக்கும்னு தெரியாது. அவள காலி பண்ணச் சொல்றதா இருந்தா ஆறு ஊட்டுச் சாவியும் சேத்தே வாங்கிட்டுப் போங்க.”

சொல்தா நாற்காலியிலிருந்து எழுந்து, “என்னுதுதான் மொத சாவி” என்றார். மற்ற வாசல்களிலிருந்தும் ஒவ்வொரு குரலாக வந்தது. வீட்டுக்காரர் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன்.

ஆனால் உண்மையான பயம் இனிமேல்தான். எதிர் வீட்டு அண்ணன் என் அருகில் வந்துபோனதை அக்கா முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். அங்கே முதலில் டெஸ்ட் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. மற்றவர்களிடமிருந்து தள்ளிக் கடைசிப் படுக்கையில் டயாலிசிஸ் செய்து அனுப்பினார்கள். என் பொய்யிலிருந்து எண்ணினால் ஐந்தாம் நாள், அடுத்த டயாலிசிஸ் முடிந்து வந்தவருக்குக் குளிர் ஜுரம். பல் கிட்டிக்கொண்டு நடுங்குகிறார் என்று அக்கா போனில் யாரிடமோ சொல்வது எனக்குக் கேட்டது. உடனே மறுபடியும் கூட்டிக்கொண்டு ஓடினார். அன்று முழுதும் நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. எந்தச் சாமியை வேண்டுவது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் அக்கா எங்கள் ஜன்னலுக்கு எதிரே பத்தடி தள்ளி வந்து நின்றார்.

“இல்லன்னு வந்துடுச்சு. டயாலிசிஸ் முடிஞ்சா சில நேரம் வர்ற குளிராம். நீ சாப்புடு மொதல்ல.”

நான் சாப்பிடாமல் இருப்பதைத் தட்டு வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

எனக்கு வாசனையும் ருசியும் போனதோடு சரி. என் கணவருக்குத்தான் ஜுரம் வந்த எட்டாம் நாள் ஆக்சிஜன் இறங்கிவிட்டது. விரலில் மாட்டிப் பார்க்கும் மீட்டரை அக்காதான் கொடுத்திருந்தார், அதனால்தான் நேரத்துக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப்போய், நான்கு நாள் ஆக்சிஜன் வைத்து, நல்லபடியாகத் திருப்பி அனுப்பினார்கள். அவர் கேட்டைத் திறந்து மெதுவாக நடந்து வந்தபோது, அவரவர் வாசலிலேயே நின்று எல்லோரும் கைதட்டினார்கள். பட்டறைக்காரரான அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் தனிமை முடிகிற சமயத்தில் சுகாதார ஊழியர்கள் வந்து, மற்ற ஐந்து வீட்டிலும் இருந்த பதினேழு பேருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் ஒவ்வொரு போனாக மெசேஜ் வர ஆரம்பித்தது. அக்கா முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, ஒவ்வொரு வாசலிலிருந்தும் சொல்லச் சொல்ல எண்ணினார். “எங்க ஊட்ல ரெண்டு பேருக்கும் இல்ல!” “இங்க நாலு பேருக்கும் இல்ல!” பதினாறு வரை வந்து நின்றது. சொல்தாவின் போனுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. எண்பதை நெருங்குகிறவர். எல்லோரும் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அக்காவே சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டார். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தவர், போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“அவருக்கும் இல்ல! பதினேழு பேருக்கும் இல்ல!”

“ப்ராவோ!” என்று சொல்தா நாற்காலியை விட்டு எழுந்து, எங்கள் வாசலைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். முற்றம் முழுக்க ஒரே சத்தம். யாரோ தட்டைத் தட்டினார்கள். எதிர் வீட்டு அண்ணன் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. தெருவில் எத்தனையோ வீடுகள் இடிந்துபோன நேரத்தில், ஒரு குழாயை வைத்துக்கொண்டு வாழ்ந்த எங்கள் காம்பவுண்டில் நோய் எங்கள் கதவைத் தாண்டவே இல்லை.

பிறகு நாங்கள் லாஸ்பேட்டைக்குக் குடி மாறிவிட்டோம், மகளின் காலேஜுக்காக. இப்போது தனிக் குழாய், தனிக் கழிவறை. ஆனாலும் வீட்டில் யாருக்காவது கொஞ்சம் ஜுரம் என்றால், அக்கம்பக்கத்தில் வயதானவர்களும் நோயாளிகளும் இருக்கிறார்களே என்று முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் மாத்திரை தேடுகிறேன். அப்படிச் சொல்லும்போது இப்போதெல்லாம் எனக்குக் கால் நடுங்குவதில்லை, நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது.